கட்டியைச் சோதித்த பிறகு யார் ரத்தம் கொடுப்பது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அக்காவுக்கு 44 வயது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. சேலத்தில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இரண்டாம் நிலை, நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை. அறிக்கையில் 'எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இழப்பு' என்று எழுதியிருக்கிறது. ஒரு மருத்துவர் கட்டியில் எம்.எஸ்.ஐ. சோதனை செய்யச் சொல்கிறார். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், ஆறு மாதம் கேப்பசிடபின் என்ற கீமோ மாத்திரை போதும் என்கிறார். அம்மா 47 வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். தாய்மாமன் குடல் கட்டியில் இறந்தார். அவருடைய மகன்தான் அக்காவின் கணவர். 20 வயதில் ஒரு மகள், 15 வயதில் ஒரு மகன். மகளை அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். டி.என்.ஏ. நிலையில்லாமல் இருக்கிறது என்றால் நோய் வேகமாகப் பரவுமா, பெங்களூர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்று குடும்பத்துக்கே சலுகை விலையில் மரபணுச் சோதனை எடுத்துத் தருவதாகச் சொல்கிறதே எடுக்கலாமா, போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடுதான் இதற்கெல்லாம் காரணமா என்று கேட்கிறார். நான் நோய்க்குறியியல் மருத்துவன். கட்டியை வெட்டி, ஸ்லைடாக்கிப் பார்த்து, அறிக்கை எழுதுகிற வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

சலுகை விலைக்குப் போகாதீர்கள், தம்பி. பிள்ளைகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். கட்டி முதலில், அக்காவின் ரத்தம் அடுத்து, மற்றவர்கள் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், கைக்கு வரும் அறிக்கைக்குப் பொருளும் இருக்காது.

ஃபுளோரைடு கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அது பல்லைக் கறையாக்கும், எலும்பைக் கெடுக்கும். உங்கள் அக்காவின் கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஊரே குடித்த தண்ணீர் ஒரே குடும்பத்தில் மட்டும் இந்த வேலையைச் செய்யாது.

இப்போது 'நிலையில்லாமை' என்னவென்று பார்ப்போம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். அதில் சில இடங்களில் ஒரே எழுத்தோ, இரண்டு மூன்று எழுத்துகளோ திரும்பத் திரும்ப வரும். பேட்-26 என்று பெயரிட்ட இடத்தில் 'ஏ' என்ற எழுத்து 26 முறை தொடர்ந்து நிற்கிறது. கிருஷ்ணகிரி மண்டியில் பெங்களூரா மாங்காய் ஒரே அளவில் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் எண்ணுகிறவருக்கு ஒன்று கூடும், ஒன்று குறையும் அல்லவா, அப்படித்தான் படியெடுக்கும் நொதிக்கும் அந்த இடங்களில் கணக்குத் தவறும். எல்லோருடைய உடம்பிலும் தவறுகிறது. தவறியதைக் கண்டுபிடித்துத் திருத்த நான்கு புரதங்கள் இருக்கின்றன: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இந்தத் திருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காகப் பால் மோட்ரிச் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நான்கில் ஒன்று இல்லாமல் போனால் தவறுகள் திருத்தப்படாமல் குவியும். திரும்ப வரும் எழுத்துகளின் எண்ணிக்கை கட்டிக்குள் செல்லுக்குச் செல் மாறும். அதைத்தான் மைக்ரோசாட்டிலைட் நிலையில்லாமை, சுருக்கமாக எம்.எஸ்.ஐ. என்கிறோம். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இது இருக்கிறது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் இதைவிடக் கூடுதல்.

வேகமாகப் பரவுமா என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். ஆரம்ப நிலையில் இந்தக் கட்டிகள் மற்றவற்றைவிடச் சாதுவானவை. பிழைகள் குவிவதால் கட்டிச் செல்கள் விசித்திரமான புரதத் துண்டுகளைத் தயாரிக்கின்றன. உடம்பின் வெள்ளணுக்கள் அவற்றை அந்நியமாக அடையாளம் கண்டு உள்ளே புகுந்து மொய்க்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: வலப்பக்கக் குடல், கட்டிக்குள் நுழைந்த வெள்ளணுக் கூட்டம், சளி சுரக்கும் பகுதிகள், விளிம்பு தள்ளிக்கொண்டு நிற்கும் வளர்ச்சி. இப்படி ஒரு ஸ்லைடு வந்தால் வயதைக்கூடப் பார்க்காமல் நான்கு புரதங்களுக்கும் சாயம் போடச் சொல்லிவிடுவேன்.

உங்கள் அறிக்கையில் இருப்பது அந்தச் சாயச் சோதனையின் முடிவுதான். ஐ.எச்.சி. என்று எழுதியிருப்பார்கள். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும், இல்லையென்றால் தெரியாது. எம்.எல்.எச்.1 இல்லாமல் போனால் அதன் துணையான பி.எம்.எஸ்.2 தனியாக நிலைக்காமல் சிதைந்துவிடும். ஆகவே இரண்டும் காணவில்லை என்றால் பழுது பெரும்பாலும் எம்.எல்.எச்.1இல்தான். எம்.எஸ்.எச்.2வும் எம்.எஸ்.எச்.6உம் அதேபோல இன்னொரு ஜோடி.

அறிக்கையில் ஒரு வரியை நீங்களே தேடிப் பாருங்கள். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல செல்களும் வெள்ளணுக்களும் சரியாகச் சாயம் ஏற்றிருக்கின்றனவா என்பது அது. அவை பழுப்பாக இருந்து கட்டி மட்டும் வெறுமையாக இருந்தால் முடிவை நம்பலாம். நல்ல செல்களும் வெறுமை என்றால் சாயம்தான் ஏறவில்லை, புரதம் இல்லை என்று சொல்லவே முடியாது. இது ஏன் நம் பக்கத்தில் முக்கியம் என்றால், எடுத்த குடலை உடனே ஃபார்மலினில் போடாமல் வைத்திருப்பது, டப்பாவின் அடி நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றுவது, உறவினர் கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்புவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில் மூழ்கி இருக்க வேண்டிய சதை உப்புத் தண்ணீரில் மிதந்து வருவதை எத்தனையோ முறை பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். அப்படிக் கெட்டுப்போன சதையில் எந்த நவீனச் சோதனையும் உண்மை பேசாது.

எம்.எஸ்.ஐ. சோதனை இதற்கு மேல் ஒரு படி. மெழுகில் பதித்த கட்டியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பேட்-25, பேட்-26, என்.ஆர்.-21, என்.ஆர்.-24, மோனோ-27 போன்ற ஐந்து இடங்களின் நீளத்தை பி.சி.ஆர். முறையில் அளப்பார்கள். கூடவே அக்காவின் நல்ல திசுவையோ ரத்தத்தையோ ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் 'எம்.எஸ்.ஐ. உயர்வு'. சாயச் சோதனையும் இதுவும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில் அதிகம் சிக்குவது எம்.எஸ்.எச்.6, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எனவே என் கருத்து: சாயச் சோதனை தெளிவாக இருந்து, நல்ல செல்களும் சாயம் ஏற்றிருந்தால், பி.சி.ஆர். கட்டாயமில்லை. அந்தப் பணத்தை அக்காவின் ரத்தச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'மங்கலாக', 'ஆங்காங்கே' என்ற சொற்கள் அறிக்கையில் இருந்தாலோ, மருத்துவர்கள் இருவரும் இன்னும் முரண்பட்டாலோ பி.சி.ஆர். எடுத்து வழக்கைத் தீர்த்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சோதனை அது.

அடுத்தது கேப்பசிடபின். இதில் நான் தயங்காமல் சொல்வேன். இரண்டாம் நிலை, திருத்தும் புரதம் இல்லாத கட்டி என்றால் 5-எஃப்.யு. வகைக் கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் பலன் இல்லை என்பது 2003இலிருந்தே ஆய்வுகளில் தெரிந்துவருகிறது. கேப்பசிடபின் அந்த வகைதான். உடம்புக்குள் போய் 5-எஃப்.யு.வாக மாறும் மாத்திரை. ஆறு மாதம் கை கால் தோல் உரிந்து, வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டு, களத்து வேலைக்குப் போகாமல் கூலியிழந்து, கடைசியில் ஒன்றும் கிடைக்காது. கட்டி குடலின் வெளிச்சுவரைத் துளைத்திருந்தால், அதாவது டி-4 என்றால், பேச்சு வேறு. மூன்றாம் நிலை என்றாலும் வேறு. அங்கே ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ இன்றும் கொடுக்கப்படுகிறது. உங்கள் அறிக்கையில் டி-3, நெறிக்கட்டி பூஜ்யம் என்று இருந்தால், எத்தனை நெறிக்கட்டிகளைப் பார்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 12க்குக் குறையாமல் பார்த்திருக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தப் புரத இழப்பைப் பார்த்த பிறகும் மாத்திரை தேவையா' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நோய் பின்னால் எங்காவது தலைகாட்டினால் இந்த அறிக்கை இன்னும் பெரிய துருப்புச் சீட்டு. வெள்ளணுக்களின் தடையை நீக்கும் இம்யூனோதெரபி மருந்துகள் இந்த வகைக் கட்டிகளில்தான் மிக நன்றாக வேலை செய்கின்றன. 2017 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை எந்த உறுப்பில் தொடங்கிய கட்டியாக இருந்தாலும் எம்.எஸ்.ஐ. உயர்வு இருந்தால் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பைப் பார்க்காமல் கட்டியின் குணத்தைப் பார்த்து ஒரு மருந்தை அனுமதித்தது அதுதான் முதல்முறை. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் 307 பேரிடம் செய்த ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலம் கீமோவில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம். 2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் இதே வகைக் கட்டி இருந்த மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தது. 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. கதிர்வீச்சும் இல்லை, அறுவையும் இல்லை. இந்த மருந்துகளின் விலை லட்சக்கணக்கில் போகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் சில ஆயிரத்தில் கிடைக்கும் சோதனையைத் தவிர்ப்பது எனக்குப் புரியாத சிக்கனம். அக்காவுக்கு இன்று இந்த மருந்து தேவையில்லை. அறிக்கையை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இனி குடும்பம். எம்.எல்.எச்.1 இழப்புக்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. வயதானவர்களில் பெரும்பாலும் அந்த மரபணுவின் முகப்பில் ஒரு வேதிப் பூட்டு விழுந்து அது ஊமையாகிவிடுகிறது. அது கட்டிக்குள் மட்டும் நடப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. பிராஃப் மரபணுவில் வி-600-இ மாற்றம் இருந்தால் பெருங்குடல் கட்டியில் இந்த வகைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். வழக்கமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் ரத்தத்துக்குப் போவோம். இரண்டாவது காரணம் பிறவியிலேயே பழுதான மரபணு, அதாவது லின்ச் நோய்க்குறி. 44 வயது, அம்மாவுக்குக் கர்ப்பப்பை, மாமாவுக்குக் குடல். மூன்று உறவினர், இரண்டு தலைமுறை, 50 வயதுக்குள் ஒருவர் என்பது 1990களில் வகுத்த ஆம்ஸ்டர்டாம் அளவுகோல். உங்கள் வீடு அதில் அப்படியே பொருந்துகிறது. ஆகவே பிராஃப் முடிவுக்காகக் காத்திருக்காமல் அக்காவின் ரத்தத்தை அனுப்பலாம்.

இப்படிப்பட்ட குடும்பத்தை முதலில் கவனிக்க வைத்தவர் மருத்துவர் இல்லை, ஒரு தையல்காரப் பெண். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்டிரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம், தன் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ நோய் வந்துதான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று அவர் சொன்னார். அப்படியே நடந்தது. வார்த்தின் அந்தக் குடும்பத்தின் கதையை 1913இல் வெளியிட்டார். ஹென்றி லின்ச் பிற்பாடு அதைத் தொடர்ந்தார். 1993, 1994இல் மரபணுக்கள் பிடிபட்டன. நம் ஊர்ப் பாட்டிகளிடமும் இதே அறிவு இருக்கிறது. 'வயிற்றுக் கட்டியில் போனார்', 'உதிரப்போக்கு நிற்காமல் போனாள்', சில சமயம் 'செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று சொல்வார்கள். உட்கார்ந்து கேட்டு, யார், எந்த வயதில், எந்த உறுப்பு என்று ஒரு தாளில் குடும்ப மரத்தை வரையுங்கள். எந்த மரபணு ஆலோசகரிடம் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அக்காவின் ரத்தம் ஏன் முதலில்? எந்த இடத்தில் எழுத்து பழுதாகியிருக்கிறது என்று நோய் வந்தவரிடம்தான் கண்டுபிடிக்க முடியும். அது தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, பதிலும் 'உண்டு', 'இல்லை' என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வரும். அது தெரியாமல் நோயில்லாத உங்களுக்கு முதலில் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், நீங்கள் தப்பித்தீர்களா, சோதனை தவறவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. சலுகை விலைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இன்னொன்று: 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கை வரலாம். உலகத் தரவுத் தொகுப்புகளில் இந்தியர்கள் குறைவு என்பதால் நமக்கு இது சற்று அதிகமாகவே வருகிறது. அதை வைத்து யாருக்கும் அறுவையோ, கல்யாணத் தடையோ செய்யக்கூடாது.

பழுது உறுதியானால் அக்காவின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு சரிபாதி; அக்கா கணவருக்கும் பழுது இருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். அக்கா மகளுக்கு 20 வயது. அவர் அப்போதே எடுக்கலாம், அவருடைய சம்மதத்துடன். மகனுக்கு 18 ஆகட்டும். பழுது உள்ளவர்களுக்கு எம்.எல்.எச்.1 என்றால் 20 முதல் 25 வயதிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை. பின்லாந்தில் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, இப்படிப் பார்த்துவந்த குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைந்ததைக் காட்டினார்கள். நீங்களும் அண்ணனும் ரத்த முடிவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். 44 வயதில் உடன்பிறந்தவருக்கு வந்திருப்பதே ஒரு கொலனோஸ்கோபிக்குப் போதுமான காரணம். அக்கா கணவரும் அப்படியே, அவர் அப்பா குடல் கட்டியில் போனவர். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் களி, கீரை, கொய்யா, தக்காளி எதுவும் வேண்டாம். வெறும் சோறும் ரசமும் தயிரும். கேழ்வரகின் தவிடு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால் மருத்துவர் கேமராவில் பார்ப்பதெல்லாம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆஸ்பிரினையும் சொல்ல வேண்டும். லின்ச் உள்ள 861 பேரிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 13 சதவீதத்தினருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடும் விஷயம் இல்லை. மருத்துவரிடம் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் கவலை கர்ப்பப்பை. அக்காவுக்குப் பிள்ளைப்பேறு முடிந்துவிட்டதால், ரத்தச் சோதனை உறுதியானால் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது பற்றிப் பேச வேண்டும். வீட்டில் யாருக்கு எந்தக் காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்தாலும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதிக உதிரப்போக்கு என்று எடுத்துவிட்டு, அப்படியே குப்பைக்குப் போன கர்ப்பப்பைகள் இந்த மாவட்டங்களில் குறைவில்லை.

கல்யாணப் பேச்சு கடைசியாக. மாமன் மகன், அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கொடுத்து எடுப்பதில் தமிழ்நாடும் கர்நாடகமும் நாட்டில் முன்வரிசை. லின்ச் பழுது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நடுவயதில் நோய் வரலாம், கண்காணிக்கலாம். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் அதே மரபணுப் பழுது ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் குழந்தைப் பருவத்திலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், குடலில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சிகள் வரலாம். தோலில் பால் கலந்த காப்பி நிறத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள் இருக்கும். பெற்றோர் இருவருக்கும் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. உங்கள் அக்காவும் அவர் கணவரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்பதால் கணவரின் ரத்தத்தையும் அந்த ஓரிடத்துக்குப் பார்த்தாக வேண்டும். பிள்ளைகள் இருவரும் இந்த வயதுவரை நலமாக இருப்பது நல்ல அறிகுறி. இருந்தாலும் தோல் புள்ளிகளை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பேசி வைத்த சம்பந்தத்தை இப்போதே முறிக்க வேண்டாம், முடிக்கவும் வேண்டாம். அக்காவின் முடிவு வரட்டும். பழுது உறுதியானால் அண்ணனுக்குப் பாருங்கள். அவருக்கு இல்லையென்றால் அவர் மகனுக்கு அவர் வழியாக வராது, அந்தக் கல்யாணத்தில் இந்த ஆபத்து இல்லை. அண்ணன் மகனுக்கும் அக்கா மகளுக்கும் இருவருக்குமே இருந்தால்தான் வேறு முடிவு யோசிக்க வேண்டும். பெண்ணின் அறிக்கையை மட்டும் ஊர் முழுக்கப் பேசி, பையனுக்குச் சோதனையே எடுக்காமல் விடுவது அநியாயம்; அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: சேலத்து மருத்துவமனையில் எழுத்து மூலம் கேட்டு மெழுகு பிளாக்கையும் சாய ஸ்லைடுகளையும் வாங்குங்கள், பிளாக்கின் எண் அறிக்கை எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகும். அம்மாவுக்கு அறுவை நடந்த இடத்தில் பழைய பிளாக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இறந்தவரின் கட்டியிலும் இந்தச் சாயச் சோதனை செய்யலாம். பிறகு வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற, மரபணு ஆலோசனை தரும் இடம் ஒன்றில் முன்பதிவு செய்து, அக்காவை அழைத்துக்கொண்டு, குடும்ப மரம் வரைந்த தாளையும் எடுத்துப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.